செக்கிங் டேபிள்ல கை மரத்துப் போறது, விரல் கொக்கி மாட்டறது, கட்டைவிரல் பக்கம் வலி: எது எந்தக் கோளாறு, என்ன பண்ணோணும்?

பாண்டியன்நகர்_ஃப்ளோர்:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் யூனிட்ல ஃப்ளோர் பாக்குறேன். டிரிம்மிங் (நூல் பிசிறு வெட்டறது), செக்கிங், பேக்கிங் சேர்த்து 40 பேருக்கு மேல இருக்காங்க, பாதிப்பேரு 40 வயசு தாண்டின அக்காமாருங்க. கை வலின்னு லீவு கேக்குறவங்க சொல்றது மூணு தினுசா இருக்குதுங்க.

ஒண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்கு கை மதமதன்னு மரத்துப்போயி முழிப்பு வருது, உதறினா சரியாயிருது. ரெண்டாவது, வெடியால எந்திரிச்சா ஒரு விரல் மடங்கினபடியே நிக்குது, மத்த கையில பிடிச்சு நிமித்தினா 'டக்'குனு விடுது. மூணாவது, கட்டைவிரலுக்கு நேர் கீழ மணிக்கட்டுல சுருக்குன்னு வலி, கத்தரி பிடிக்கவே முடியலைங்கறாங்க.

மெடிக்கல்ல கேட்டா மூணுக்கும் ஒரே பதில்: "நரம்பு வீக்". ஒரு பட்டை பி காம்ப்ளக்ஸ், ஒரு கிரேப் பேண்டேஜ், முடிஞ்சுது. இதுல எது எதுன்னு ஃப்ளோர்லயே ஓரளவு பிரிச்சுப் பாக்க வழி இருக்குதுங்களா? கைக்குப் போடற பெல்ட்டுல எதை வாங்கறது? ஊசி போட்டா எலும்பு கரைஞ்சுரும்னு பயப்படறாங்களே, நெசந்தானா? டேபிள்ல நாங்க என்ன மாத்தோணும்?

கைப்பயிற்சி_பீளமேடு:

"நரம்பு வீக்"கைத் தூக்கி அக்கட்டால வெச்சிருங்க மொதல்ல. நீங்க சொன்ன மூணுல முதலாவது ஒண்ணுதான் நரம்புச் சமாச்சாரம். மத்த ரெண்டும் தசைநாண், அதாவது தசையை எலும்போட இணைக்கற நார். நாண் உரசறதுக்கு சத்து மாத்திரை குடுத்து என்ன பிரயோசனம்? பி12 நெசமாவே குறைவா இருக்கறவங்களுக்கு மட்டும் அது வேணும், அதை ரத்தப் பரிசோதனையில பாத்துட்டுக் குடுக்கலாம். சக்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா சாப்பிடறவங்களுக்கு பி12 இறங்கும், அவங்களைக் கண்டிப்பா பாக்கச் சொல்லுங்க. பி6-ஐ அதிக டோசுல மாசக்கணக்கா முழுங்கினா அதுவே நரம்பைக் கெடுத்து மதமதப்பு உண்டாக்கும்ங்கறது பலருக்குத் தெரியறதில்லை.

இப்ப பிரிச்சுப் பாக்கற விதம். கை மரக்குதுன்னு ஒருத்தர் வந்தா கேக்கவேண்டிய முதல் கேள்வி: சுண்டுவிரல் மரக்குதா, இல்லையா? கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல்ல பாதி, இதெல்லாம் மரத்து சுண்டுவிரல் மட்டும் நல்லா இருந்தா கார்பல் டன்னல். மோதிரவிரலை ரெண்டு பக்கமும் பஞ்சால வருடிப் பாருங்க. நடுவிரலைப் பாத்த பக்கம் மந்தமா, சுண்டுவிரலைப் பாத்த பக்கம் தெளிவா இருந்தா சந்தேகமே வேண்டியதில்லைங்கற அளவுக்கு அது நல்ல அடையாளம். மாறா சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்தா கோளாறு பெரும்பாலும் முழங்கையில. டேபிள் விளிம்புல முழங்கையை ஊனிக்கிட்டே செக்கிங் பண்றவங்க, போனை மணிக்கணக்கா காதுல வெச்சு மடக்கிப் பிடிக்கறவங்களுக்கு வரும். அஞ்சு விரலும், அதோட ரெண்டு பாதமும் எரிஞ்சா பெரும்பாலும் சக்கரை நரம்பு பாதிப்பு. கழுத்தைத் திருப்பறப்ப தோள்ல இருந்து கை வரைக்கும் வெட்டி இழுத்தா கழுத்து எலும்பு. மணிக்கட்டுக்கு பெல்ட் போட்டு அது தீராது.

கார்பல் டன்னல்ங்கறது என்னன்னா, மணிக்கட்டுக்கு அடியில எலும்பு வரிசை, உள்ளங்கைப் பக்கம் ஒரு தடிச்ச நாடா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து. விரலை மடக்கற 9 தசைநாணும் ஒரே ஒரு நரம்பும் அந்தச் சந்துல போகுது. நாணோட உறை கொஞ்சம் தடிச்சாலே இடம் பத்தாது, நசுங்கறது நரம்புதான். தூங்கறப்ப நாம மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்கு அடியில வெச்சுக்கறோம், சந்து இன்னும் குறுகுது. ராத்திரி ரெண்டு மணி முழிப்பு அதனாலதான்.

சோதிக்க ரெண்டு வழி. முழங்கையை மேசையில ஊனி, முன்கையை நேரா நிறுத்தி, மணிக்கட்டைத் தொங்க விடச் சொல்லுங்க, 60 வினாடி. அந்த நேரத்துக்குள்ள அதே விரல்கள்ல மதமதப்பு ஏறினா கணக்கு சரி. இல்லைன்னா மணிக்கட்டு மடிப்புக்கு மேல உள்ளங்கை தொடங்கற இடத்துல உங்க கட்டைவிரலால 30 வினாடி அழுத்திப் பிடியுங்க.

பெல்ட்டு விஷயத்துலதான் முக்காவாசிப்பேரு காசை வீணாக்கறாங்க. கிரேப் பேண்டேஜும், உள்ள தகடு இல்லாத எலாஸ்டிக் பட்டையும் இதுக்கு ஆகாது. இறுக்கிச் சுத்தினா சந்து இன்னும் இறுகும். உள்ளங்கைப் பக்கம் அலுமினியத் தகடு வெச்ச மணிக்கட்டு ஸ்பிளின்ட் வேணும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. வாங்கினதும் அப்படியே மாட்டிராதீங்க. கடையில வர்ற தகடு கை பின்பக்கம் வளையற மாதிரி 20, 30 டிகிரி வளைச்சிருக்கும். உறையில இருந்து தகட்டை உருவி, மேசை மேல வெச்சு அமுக்கி நேராக்கி மறுபடி சொருகுங்க. சந்துல அழுத்தம் குறைவா இருக்கறது மணிக்கட்டு நேரா இருக்கறப்பதான், மடக்கினாலும் ஏறும், பின்னால வளைச்சாலும் ஏறும். ஸ்பிளின்ட்டோட மேல் நுனி உள்ளங்கை மடிப்பு ரேகைக்குக் கீழ நிக்கோணும், இல்லைன்னா விரலை முழுசா மடக்க முடியாது. பட்டைக்கு உள்ள ஒரு விரல் நுழையற அளவு தளர்வு. ராத்திரி மட்டும், தவறாம 6 வாரம். நாலு நாள் போட்டுட்டு "கேக்கலை"ன்னு கழட்டறவங்கதான் அதிகம். பகல்ல போட்டுக்கிட்டு டிரிம்மிங் பண்ணாதீங்க, ஸ்பிளின்ட்டை எதுத்து மடக்கறதுல தோளும் முழங்கையும் புடிச்சுக்கும்.

ரெண்டாவது சொன்னது ட்ரிக்கர் ஃபிங்கர். வலி விரலோட நடு மொளியில தெரியும், ஆனா கோளாறு இருக்கறது உள்ளங்கையில. விரல் தொடங்கற இடத்துக்குக் கீழ, அந்த மடிப்பு ரேகை மேல, நாணைப் பிடிச்சு வெச்சிருக்கற ஒரு வளையம் இருக்குது. நாண்ல முடிச்சு விழுந்து வளையத்துல சிக்குது. அங்க விரலை வெச்சு அழுத்திக்கிட்டு மடக்கி நீட்டச் சொன்னா துவரம்பருப்பு அளவுல ஒண்ணு உருள்றது கைக்குத் தட்டும். மோதிரவிரலும் கட்டைவிரலும்தான் அதிகம் மாட்டும். இதுக்கு ஸ்பிளின்ட் போட்டா உள்ளங்கையை ஒட்டின அடி மொளி மட்டும் மடங்காம நிறுத்தோணும், மேல் மொளி ரெண்டும் மடங்கட்டும். 6 வாரம். 'டக்'குனு விடவெச்சுப் பாக்கற பழக்கம், சொடக்கு எடுக்கறது ரெண்டும் நிக்கோணும், ஒவ்வொரு சொடக்கும் முடிச்சை உரசிப் பெரிசாக்குது. வெடியால எந்திரிச்சதும் வெதுவெதுப்பான தண்ணியில 5 நிமிஷம் கையை வெச்சு, உள்ளயே மெதுவா மடக்கி நீட்டச் சொல்லுங்க.

மூணாவது டி கெர்வைன். கட்டைவிரலைத் தூக்கற ரெண்டு நாண் மணிக்கட்டு ஓரத்துல ஒரே உறைக்குள்ள போகுது, உறை தடிச்சு வலிக்குது. கட்டைவிரலை உள்ள வெச்சு முஷ்டி மடக்கி, மணிக்கட்டை மெதுவா சுண்டுவிரல் பக்கம் சாய்க்கோணும். நல்லா இருக்கற கையிலயும் கொஞ்சம் இழுக்கும், அதனால மத்த கையோட ஒப்பிட்டுத்தான் சொல்லோணும். இதுக்குக் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கற ஸ்பிளின்ட் வேணும், நுனி மொளி மட்டும் விட்டு. மணிக்கட்டுக்கு மட்டும் போடற முதல் வகை இதுக்கு உதவாது. ஈரத்துணி முறுக்கிப் பிழியறது, கைக்குழந்தையை அக்குள்ல கட்டைவிரலை விரிச்சுத் தூக்கறது ரெண்டும் இதை வளர்த்து விடும். குழந்தையை அடியில உள்ளங்கை குடுத்து அள்ளித் தூக்கச் சொல்லுங்க.

எலும்பு_டாக்டர்_ஈரோடு:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் திருத்த வேண்டும்: அந்தச் சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் கார்பல் டன்னல் இல்லை என்று அனுப்பிவிடக் கூடாது. நரம்பு நெடுநாள் நசுங்கி உணர்வே மங்கிப்போன கையில் சோதனை ஒன்றும் காட்டாது. அந்தக் கைதான் ஆபத்தான கை.

அதைக் கண்டுபிடிக்க, இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க மேசையில் வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கு அடியில் உள்ள சதைமேடு ஒரு கையில் தட்டையாகக் குழிந்திருக்கிறதா? பிறகு கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேராகத் தூக்கச் சொல்லி, உங்கள் விரலால் கீழே அழுத்துங்கள். எதிர்க்க முடியாமல் சாய்ந்தால், அல்லது மேடு வற்றியிருந்தால், 6 வாரம் ஸ்பிளின்ட் போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்த வாரமே அனுப்புங்கள். மதமதப்பு அறுவைக்குப் பின் பெரும்பாலும் குறைந்துவிடும். வற்றிய சதை பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. சட்டைப் பித்தான் போடத் தடுமாறுவது, டம்ளர் நழுவுவது எல்லாம் இதற்கு முந்தைய படி.

கார்பல் டன்னல் என்று தெரிந்தால் சர்க்கரையும் தைராய்டும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவினால் வந்தது தைராய்டு மாத்திரையிலேயே தணிவதுண்டு. கர்ப்பத்தில் வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகக் குறையும், ஸ்பிளின்ட் போதும். பல விரல் மூட்டுகள் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்து வீங்கியிருந்தால் அது முடக்குவாதம், வைத்தியமே வேறு. 50 தாண்டிய பெண்களுக்கு டி கெர்வைன் மாதிரியே தோன்றும் இன்னொன்று கட்டைவிரல் அடி மூட்டுத் தேய்மானம். டி கெர்வைனில் வலி மணிக்கட்டு எலும்பு முனையில் இருக்கும், தேய்மானத்தில் அதைவிட விரல் பக்கமாக ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி, ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகும்போது தெரியும்.

நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பதுதான் என்சிவி பரிசோதனை. போகிற அன்று கையில் எண்ணெய், கிரீம் தடவக் கூடாது, வளையலைக் கழற்ற வேண்டும். கை குளிர்ந்திருந்தால் நரம்பு மெதுவாகக் கடத்தும், இல்லாத கோளாறு இருப்பதாகக் காட்டிவிடும். ஏசி அறையில் அரை மணி உட்கார்ந்திருந்தவர் கையைச் சூடாக்கிய பிறகே சோதிக்கச் சொல்லலாம்.

இனி ஊசி. எலும்பு கரைவது பெரும்பாலும் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குவதால். இங்கே போடுவதும் ஸ்டீராய்டுதான், ஆனால் ஓர் இடத்தில், சிறிய அளவு. கார்பல் டன்னலுக்கு வழக்கமாக மெத்தில்பிரட்னிசோலோன் 40 மி.கி., ட்ரிக்கர் விரலுக்கு அதைவிடக் குறைவு. ட்ரிக்கர் விரலிலும் டி கெர்வைனிலும் பாதிப்பேருக்கு மேல் அதிலேயே தீர்கிறது. கார்பல் டன்னலில் நல்ல சுகம் கிடைக்கும், ஆனால் சில மாதங்களில் பலருக்குத் திரும்பும். உண்மையான தொல்லைகள் வேறு. சர்க்கரைக்காரருக்கு ஊசிக்குப் பின் சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறும். முன்கூட்டியே சொல்லி வீட்டில் பார்க்க வைக்க வேண்டும். அவர்களுக்கு ட்ரிக்கர் விரலில் ஊசி கேட்பதும் குறைவு. முதல் ஓரிரு நாள் வலி கூடும். டி கெர்வைன் இடத்தில் தோல் மெல்லியது, அங்கே வெள்ளைத் திட்டு விழலாம். ஊசி உள்ளே போகும்போது விரலுக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் மருந்து நரம்புக்குள்ளேயே போகும்.

ஒரே இடத்தில் இரண்டு, மூன்று ஊசிக்கு மேல் போட்டுக்கொண்டே இருப்பது சரியல்ல, நாண் நைந்துபோகலாம். அதற்குப் பிறகு அறுவை. கார்பல் டன்னலுக்கு உள்ளங்கையில் 2 முதல் 4 செ.மீ. கீறி அந்த நாடாவைப் பிரித்துவிடுவது, கையை மட்டும் மரக்கவைத்துச் செய்யலாம், வெட்டும் நேரம் 15, 20 நிமிடம். ட்ரிக்கர் விரலுக்கு ஒன்றரை செ.மீ. கீறல் போதும். ஊசி முனையாலேயே வளையத்தை அறுப்பதும் உண்டு, கட்டைவிரலில் மட்டும் நரம்பு குறுக்கே போவதால் திறந்து செய்வதே என் விருப்பம். டி கெர்வைனில் சிலருக்கு உறைக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும், இரண்டு நாணும் தனித்தனி அறையில். ஊசி கேட்காமல் போவதற்கும், அறுவைக்குப் பிறகும் வலி நிற்பதற்கும் அது ஒரு காரணம்.

கட்டுப் போட்ட அன்றே விரல்களை மடக்கி நீட்டத் தொடங்க வேண்டும். கையைத் தொங்கவிடாமல் நெஞ்சு உயரத்தில் வைக்க வேண்டும். தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளில். கார்பல் டன்னல் அறுவைக்குப் பின் உள்ளங்கையின் இரு ஓரமும் ஊன்றினால் வலிக்கும், அது மூன்று மாதம் வரை இருக்கலாம், அறுவை தோற்றதாக அர்த்தமில்லை.

தறிக்காரன்_சோமனூர்:

இத்தனை எதுக்குங்க? எங்க பக்கம் தறிக்குத் தார் (ஊடை நூல்) சுத்தறவங்களுக்கு எல்லாம் இது வர்றதுதான். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி நீவி விட்டு, சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தா பாதி போயிரும். மணிக்கட்டு மேல கோலிக்குண்டு மாதிரி கட்டி வந்தாலும் ஒரே போடு, நசுங்கிரும்.

கைப்பயிற்சி_பீளமேடு:

அண்ணா, நீவறது சுகமாத்தான் இருக்கும், வேண்டாங்கலை. ஆனா மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது. கொதிக்கற எண்ணெயிலயும் ஒத்தடத்துலயும் விரல் நுனி வெந்து கொப்புளம் போட்டு வர்றது, அதுவும் சக்கரைக்காரங்களுக்கு, ரொம்ப சகஜம். சூட்டை நல்லா இருக்கற கையில தொட்டுப் பாத்துட்டு வெக்கச் சொல்லுங்க. ட்ரிக்கர் விரல் முடிச்சை நகத்தால அழுத்தி நீவக்கூடாது.

அந்தக் கோலிக்குண்டு கேங்லியான், மூட்டு உறையில இருந்து பிதுங்கி வர்ற கெட்டிக் கூழ். இருட்டுல டார்ச் அடிச்சா வெளிச்சம் ஊடுருவும். வலி இல்லைன்னா விட்டுரலாம், பாதிக்குப் பாதி தானாவே கரையும். ஊசியில உறிஞ்சினா பலருக்கு மறுபடி வரும், வேரோட எடுத்தா வர்றது குறைவு. ஓங்கி அடிச்சா கட்டி நசுங்கறதோட மணிக்கட்டு எலும்பும் சேர்ந்து நசுங்கும், அந்த வைத்தியம் மட்டும் வேண்டாமுங்க. உள்ளங்கைப் பக்கம் வர்ற கட்டி நாடித்துடிப்பு பாக்கற ரத்தக்குழாயை ஒட்டி இருக்கும், அதுல ஊசி குத்தறதுக்கே டாக்டருங்க யோசிப்பாங்க.

ஐஈ_அவிநாசி:

டேபிள்ல என்ன மாத்தறதுன்னு கேட்டீங்களே, அதுக்கு என் பங்கு.

மொதல்ல கணக்கைப் போட்டுப் பாருங்க. ஒரு டி-சர்ட்டுக்கு 10 இடத்துல பிசிறு, ஷிப்டுக்கு 500 பீஸ்னா ஒரே கட்டைவிரல் 5000 தடவை அமுங்குது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டினா 7500. ஸ்பிளின்ட் போட்டுட்டு மறுபடி இதே 7500-க்கு அனுப்பினா என்ன ஆகும்? அதனால வெட்டுற எண்ணிக்கையை மொதல்ல குறையுங்க. பிசிறு உண்டாகறது டிரிம்மிங் டேபிள்ல இல்ல, தையல் மெஷின் ஓடற பவர் டேபிள்ல. ஓவர்லாக் டெய்லர் தையல் முடிச்சு அரை அடி சங்கிலி விட்டு இழுத்தா அதை வெட்டறது இந்த அக்காதான். ஓவர்லாக்ல உறிஞ்சி வெட்டற செயின் கட்டர், சிங்கர் மெஷின்ல அடியிலயே நூல் வெட்டற வசதி இருக்கறதை ஓட விடுங்க. பல இடத்துல கத்தி மழுங்கினதும் கழட்டி ஓரமா வெச்சிருப்பாங்க. நூல் உறிஞ்சி டிரிம் பண்ற மெஷின் ஒண்ணு வெச்சா வெளித்தொங்கல் நூல்ல பெரும்பகுதி அதுலயே போயிரும், கைக்கு வர்றது உள்பக்கம் மட்டும்.

அடுத்தது கத்தரி. டிரிம்மர் மழுங்கினா விரல் ரெண்டு மடங்கு அமுக்கும், வெட்டறதுக்குப் பதிலா நூலை இழுக்கும். நுனியால மட்டும் ஒத்தை நூலை வெட்டிப் பாருங்க, நூல் இழுபடாம விழுந்தா சரி, மடங்கி நழுவினா தீட்டக் குடுங்க. வாரத்துக்கு ஒருநாள் எல்லா டிரிம்மரையும் இப்படிப் பாக்க ஒரு ஆளை நியமிங்க. ஸ்பிரிங் ரொம்ப விறைப்பா இருந்தாலும் தப்பு, கையைத் திறக்கறப்ப தானா விரியற அளவு போதும். கட்டிங் மாஸ்டருக்கு வேற கதை: வளையம் வெச்ச பெரிய கத்தரியில கட்டைவிரல் ஓரம் அழுந்தி, அங்க காய்ப்பும் அந்த ஓரம் மட்டும் மதமதப்பும் இருக்கும். அது கார்பல் டன்னல் இல்லீங்க, விரலோரத்து நரம்பு வளையத்துல நசுங்கறது. வளையம் பெரிசா இருக்கற கத்தரிக்கு மாறி, உள்விளிம்புல துணி சுத்தினாலே மெதுவா அடங்கும்.

டேபிள் உயரம் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கறதுதான் பெரிய தப்பு. நின்னுக்கிட்டு செக்கிங் பண்றவங்களுக்கு முழங்கை உயரத்துக்கு 5 முதல் 10 செ.மீ. கீழ மேசை இருக்கோணும். டேபிளை உசரமான ஆளுக்கு வெச்சு, குட்டையா இருக்கறவங்களுக்குக் காலடியில 5, 10 செ.மீ. பலகை போடறது சல்லிசான வழி. முழங்கை படற விளிம்புல பழைய ரப்பர் பாயை மடிச்சு ஒட்டுங்க, சுண்டுவிரல் மரக்கறது குறையும்.

ஆள் மாத்தி விடறதுன்னா ரெண்டு மணிக்கு ஒருக்கா மாத்துங்க. ஆனா டிரிம்மிங்ல இருந்து டேக் கன்னுக்கு (துணியில சீட்டு குத்தற துப்பாக்கி) மாத்தி விட்டா அது மாத்தமே இல்ல, ரெண்டும் கையை அமுக்கற வேலைதான். டிரிம்மிங்ல இருந்து மடிக்கறது, அளவு செக்கிங், பாலிபேக்ல போடறதுன்னு போகோணும். டேக் கன் ஊசி மழுங்கினா அமுக்கற விசை கூடும், ஊசியை அடிக்கடி மாத்துங்க.

காங்கேயம்_கறவை:

இதே கட்டைவிரல் பக்க வலி பால் கறக்கறவங்களுக்கும் வருதே, அதுக்கும் இதே பெல்ட்டுதானுங்களா? ரெண்டு நேரமும் மூணு மாடு கறக்கறாங்க.

கைப்பயிற்சி_பீளமேடு:

பெல்ட்டு அதேதானுங்க, ஆனா கறக்கற பிடியைப் பாருங்க மொதல்ல. கட்டைவிரலை உள்ள மடக்கி அதோட மொளியில காம்பை நசுக்கிக் கறந்தா கட்டைவிரல் நாணுக்கும் கேடு, காம்புக்கும் கேடு. கால்நடை டாக்டருங்களும் அந்தப் பிடியை வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. முழுக்கைப் பிடியில, கட்டைவிரலும் ஆள்காட்டியும் காம்பு அடியை வளையமா அடைக்கோணும், மத்த மூணு விரலும் மேலிருந்து கீழ வரிசையா அமுக்கோணும், கட்டைவிரல் நீட்டியே இருக்கும். காம்பு குட்டையா இருக்கற மாட்டுல முழுக்கை பிடிக்காது, அங்க மட்டும் ரெண்டு விரல்ல இழுக்கறது. மணிக்கட்டை வளைக்காம, கொட்டாயில உக்கார்ற மணையைக் கொஞ்சம் மாட்டுக்குப் பக்கமா இழுத்துப் போட்டா முன்கை நேரா நிக்கும். வலி இருக்கற 3, 4 வாரம் வேற ஆள் கறக்கறதுதான் நல்லது. அது முடியலைன்னா கனமா கறக்கற மாட்டை மட்டுமாவது மாத்தி விடுங்க.

பாண்டியன்நகர்_ஃப்ளோர்:

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்கே பஞ்சு வெச்சு மோதிரவிரலைப் பாத்தாச்சு. 11 பேர்ல 4 பேருக்குப் பாதி விரல் மந்தம், ஒரு அக்காவுக்கு டாக்டர் சொன்ன அந்தச் சதைமேடு குழிஞ்சே போச்சு. அவங்க 6 வருஷமா சத்து மாத்திரைதான் முழுங்கிட்டு இருக்காங்க. அவங்களை எங்க அனுப்பறது, எத்தனை நாள் ஆகும், சம்பளம் என்ன ஆகும்? இன்னொண்ணு, ஸ்பிளின்ட்ல வேர்த்து அரிக்குதுன்னு ரெண்டு பேர் கழட்டிட்டாங்க.

ஐஈ_அவிநாசி:

ஒரு பழைய பனியன் கை இருக்குமில்ல, அதை 20 செ.மீ. வெட்டி கட்டைவிரலுக்கு ஒரு ஓட்டை போட்டு உள்ள மாட்டச் சொல்லுங்க. காட்டன் சிங்கிள் ஜெர்சி போதும், தினமும் துவைச்சுக்கலாம். திருப்பூர்ல அதுக்குமா பஞ்சம்?

சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) இருக்குதுங்க. அவங்க பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம் மாசாமாசம் போகுது, யாரும் இதுக்குப் பயன்படுத்தறதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கும் 78 நாள் பங்கு கட்டியிருந்தா அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் நோய்க்கால உதவித்தொகை வாங்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரைக்கும் கட்டினது ஜூலை முதல் டிசம்பருக்கு. தினச் சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். 500 ரூபா கூலின்னா நாளுக்கு 350. முதல் ரெண்டு நாளுக்கு வராது. முக்கியமா, லீவு சர்ட்டிஃபிகேட் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர்கிட்ட வாங்கோணும். தனியார்ல காட்டிட்டு மாசக் கடைசியில அந்தச் சீட்டைக் கொண்டுபோனா அலைய விடுவாங்க. ஒன்றரை ஷிப்டுக்குக் கூலியை நோட்டுல வேற, வவுச்சர்ல வேறன்னு பிரிச்சு எழுதற கம்பெனியில இந்த 70 சதவீதமும் நோட்டுல இருக்கறதுக்குத்தான் கிடைக்கும், அதை நீங்கதான் முதலாளிகிட்டச் சொல்லோணும்.

எலும்பு_டாக்டர்_ஈரோடு:

அந்த அம்மாவை டிஸ்பென்சரி வழியாக திருப்பூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ.க்கோ எழுதி வாங்கி அனுப்புங்கள். கோவையில் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் கங்கா மருத்துவமனை மாதிரியான இடமும் இருக்கிறது, இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு வருடம் மாத்திரை விழுங்கியது பெரிய அநியாயம். மேடு குழிந்த கைக்கு அறுவை செய்தாலும் பலம் எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ராத்திரி மதமதப்பு நின்று தூக்கம் வரும் என்பதையும் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் மடிப்பது, லேபிள் ஒட்டுவது போன்ற இலகு வேலை 2, 3 வாரத்தில் தரலாம். டிரிம்மிங் 6 வாரத்துக்கு முன் வேண்டாம். ட்ரிக்கர் விரலுக்கு அறுவை என்றால் 3, 4 வாரம் போதும்.

ஃப்ளோரில் இருப்பதால் இன்னும் இரண்டு. தையல் ஊசி விரலில் ஏறினால் பிடுங்கி எறிந்துவிட்டு பிளாஸ்டர் ஒட்டாதீர்கள். உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஊசி முழுதாக இருக்கிறதா பாருங்கள், குறைந்தால் எக்ஸ்ரே. டி.டி. ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் அதுவும். அடுத்த ஓரிரு நாளில் விரல் முழுதும் உப்பி, பாதி மடங்கிய நிலையில் நின்று, நுனியைப் பிடித்து நிமிர்த்தினால் உயிர் போகிற மாதிரி வலித்து, உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுக அழுத்தினாலும் வலித்தால், நாண் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்பது இதில் கிடையாது, அன்று ராத்திரியே திறந்து கழுவ வேண்டும்.

இன்னொன்று, மொபெட்டில் இருந்து கை ஊன்றி விழுந்தவர். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கத்தில் ஒரு சிறு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலித்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் ஸ்காஃபாய்டு எலும்பு விட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு மாவுக்கட்டோ ஸ்பிளின்ட்டோ போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முதல் நாளில் அந்தக் கோடு தெரியாமல் போவது வழக்கம். அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது, உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் நின்று எலும்பு செத்துப்போகலாம். சுளுக்கு என்று மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வருபவர்களிடம் விரல் நுனியைப் பாருங்கள். விரல் வெளுத்து, மரத்து, நீட்டினால் தாங்க முடியாமல் வலித்தால் கட்டை அந்த இடத்திலேயே முழுதாக வெட்டிப் பிரித்துவிட்டு, பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.